நோட் ஜேஎஸ் டிகிராம் மாட்யூல்: செண்ட் தோற்றால் எங்கே தெரியும்?

யூடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யாமல் டேட்டா அனுப்பும் முறை) பாக்கெட் அனுப்பும் சர்வர் எழுதுகிறவர்களுக்கு, ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் டிகிராம் மாட்யூலைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் செண்ட் (அதில் பாக்கெட்டை அனுப்பும் ஃபங்ஷன்) தோற்றால் அது நமக்கு எந்த வழியாகத் தெரியவரும் என்பதைப் புரிந்துகொண்டு உள்ளே இறங்குங்கள், ஏனென்றால் வழி ஒன்றல்ல, மூன்று.

பிடித்ததை முதலில் சொல்கிறேன். செண்டுக்குக் கடைசியில் ஒரு கால்பேக் (வேலை முடிந்ததும் கூப்பிடப்படும் ஃபங்ஷன்) கொடுத்தால் எர்ரர் அதன் முதல் ஆர்குமென்டாக வந்துவிடும். ஐபிவி4-இல் ஒரு டேட்டாகிராமுக்குள் (அதாவது ஒரு யூடிபி பாக்கெட்டுக்குள்) 65,507 பைட்டுக்கு மேல் போகாது (65,535-இல் ஐபி ஹெடருக்கு 20, யூடிபி ஹெடருக்கு 8 கழிந்துவிடும்), 66,000 பைட் பஃபரைக் கொடுத்துப் பாருங்கள், இஎம்எஸ்ஜிசைஸ் (மெசேஜ் மிகப் பெரியது) என்ற கோடோடு கால்பேக் வரும். ஹோஸ்ட் பெயர் டிஎன்எஸ்ஸில் இல்லாவிட்டாலும் இதே இடம்தான். எந்த பாக்கெட் தோற்றது என்று தேட வேண்டியதே இல்லை. பைத்தானின் அசிங்க்ஐஓ லைப்ரரியில் எர்ரர் ரிசீவ்டு என்று ப்ரோட்டோகாலுக்கே பொதுவாக ஒரு மெத்தட்தான் உண்டு, அதற்கு வரும் எக்ஸெப்ஷன் எந்த பாக்கெட்டுக்கு உரியது என்று சொல்லாது. அந்த வகையில் டிகிராம் எவ்வளவோ மேல்.

இனி குறை. கால்பேக் கொடுக்காவிட்டால், ஹோஸ்ட் பெயர் கிடைக்காத எர்ரர் சாக்கெட்டில் (பாக்கெட் போய்வரும் முனை) எர்ரர் ஈவென்டாகக் கிளம்பும், அதைக் கவனிக்கும் லிசனர் இல்லையென்றால் ப்ராசஸே விழுந்துவிடும். தொலைந்தாலும் பரவாயில்லை என்று அனுப்பும் ஒரு மெட்ரிக் பாக்கெட், அதன் ஹோஸ்ட் பெயரில் ஓர் எழுத்து தப்பாகிவிட்டது என்பதற்காக மொத்த சர்வரும் படுத்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சரி, எல்லா இடத்திலும் கால்பேக் கொடுத்துவிட்டால் போதுமா என்றால் போதாது, மூடிய சாக்கெட்டில் செண்டைக் கூப்பிட்டால் கால்பேக் பக்கமே போகாமல் எக்ஸெப்ஷன் நேராக த்ரோ ஆகும். ஷட்டவுன் சமயத்தில் நிறுத்த மறந்த ஒரு டைமர் இருந்தால் அதுவே போதும்.

நோட் 12-ஆம் பதிப்பில் வந்த கனெக்ட்டையும் (சாக்கெட்டை ஒரே எதிர்முனையோடு பிணைக்கும் ஃபங்ஷன்) சொல்ல வேண்டும். எதிர்முனையில் அந்த போர்ட்டில் யாரும் இல்லையென்றால் ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைத் தெரிவிக்கும் ப்ரோட்டோகால்) வழியாகத் திரும்பும் மறுப்பு, லினக்ஸில் சாதாரண யூடிபி சாக்கெட்டுக்குத் தெரியவே தெரியாது, கனெக்ட் செய்த சாக்கெட்டுக்குத் தெரியும். ஆனால் அது தோற்ற செண்டில் வராது, அதற்கு அடுத்த செண்டிலோ ரிசீவிலோ வரும். ரிசீவில் வந்தால் எர்ரர் ஈவென்ட்தான். ஆக, கால்பேக் இருந்தாலும் லிசனரையும் கட்டாயம் வையுங்கள்.

அப்புறம், கால்பேக்கில் எர்ரர் இல்லையென்றால் பாக்கெட் கெர்னலின் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) கைக்குப் போய்விட்டது என்று மட்டும்தான் பொருள். நெட்வொர்க் கார்டின் க்யூ நிரம்பி வழிந்தால் லினக்ஸ் சத்தமில்லாமல் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். போய்ச் சேர்ந்ததா என்பது முக்கியமென்றால் அக்னாலெட்ஜ்மென்டும் டைம்அவுட்டும் நாமேதான் எழுத வேண்டும், அதற்கு இந்த மாட்யூலைக் குறை சொல்ல மாட்டேன். மூடிய சாக்கெட்டின் எர்ரரைக் கால்பேக்குக்கே அனுப்பிவிட்டால் மட்டும் செண்டைச் சுற்றி ட்ரை கேட்ச் எழுதும் வேலை மிச்சமாகும்.