விவிடி வால்வு சூடேறிய கதை: இரண்டு வருடம் கழித்து

என் பெட்ரோல் கார் 2012 மாடல். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் தொல்லை தொடங்கியது. காலையில் எடுத்தால் ஒரு குறையும் இருக்காது. திருச்சியிலிருந்து மதுரை போய் மாட்டுத்தாவணி சிக்னலில் நின்றால் ஐட்லிங்கில் உதறும்; இரண்டு தடவை அணைந்தே போனது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி சாது.

ஸ்கேனரில் பி0010 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. கேம்ஷாஃப்ட் (இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாக கேம்) டைமிங்கை மாற்றும் விவிடி வால்வின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம். "விவிடி சென்சார் போச்சு தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். அது சென்சாரே இல்லை, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) சொல்கிறபடி, கேமை நகர்த்தும் ஆயிலைத் திருப்பிவிடும் சோலினாய்டு, அதாவது மின்சாரத்தில் நகரும் வால்வு. ஆனால் கடையிலும் சென்சார் என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள்.

ஆறிய இன்ஜினில் வால்வின் எதிர்ப்பைப் பார்க்க மல்டிமீட்டர் வைத்தேன். 7.8 ஓம். மேனுவலில் 6.9 முதல் 7.9 வரை, அதுவும் 20 டிகிரிக்கு. நம்மூரில் 20 டிகிரி எங்கே இருக்கிறது! நிழலிலேயே 35. சரி, நல்ல வால்வுதான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். செப்புக் கம்பி சூட்டில் எதிர்ப்பு கூடும், 100 டிகிரியில் பத்து ஓம் பக்கம் வந்தால் பரவாயில்லை. எனக்கு மீட்டர் ஓ.எல். என்றது, அதாவது இணைப்பே இல்லை. சூட்டில் வால்வின் கம்பிச் சுருள் (காயில்) உள்ளுக்குள் விட்டுப்போகிறது. கனெக்டர் பிளாஸ்டிக்கும் பழுப்பேறி, தொட்டாலே நொறுங்கியது. இரண்டையும் மாற்றினேன், 3,200 ரூபாய்.

நாலே மாதம். இந்த முறை பி0012, கேம் பின்தங்குகிறது. ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் கேம் 25 டிகிரி கோணம் திரும்ப வேண்டும் என்று ஈசியூ கேட்கிறது, கேம் 8-லேயே நிற்கிறது. கேட்டது கிடைக்காததால் ஈசியூ வால்வுக்கு விடாமல் மின்சாரம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 14 வோல்ட், ஏழு சொச்சம் ஓம்: கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 26 வாட். ஒரு சால்டரிங் அயர்னை இன்ஜினுக்குள் செருகி வைத்த மாதிரி! புது வால்வும் கொதிக்காமல் என்ன செய்யும்?

வால்வுக்கு ஆயில் போகும் வழியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சல்லடை ஃபில்டர் உண்டு. அதைக் கழற்றினால் தார் போல கசடு, ஆயில் போகும் வழியையே அடைத்திருந்தது. தப்பு என்னுடையதுதான். பத்தாயிரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய ஆயிலைப் பதினெட்டாயிரம் வரை இழுத்தேன். 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் கிடைத்த 20டபிள்யூ-40-ஐ, அதைவிடக் கெட்டியான ஆயிலை, டாப்-அப் செய்தேன். முதல் தடவையே இந்தச் சல்லடையைப் பார்த்திருந்தால் வால்வுக் காசாவது மிஞ்சியிருக்குமோ என்னவோ.

புது சல்லடை, புது வாஷர். வால்வைக் கார்ப் கிளீனரில் கழுவி, பேட்டரியில் தொட்டுப் பார்த்தபோது 'டக்' என்று நகர்ந்தது. (ஓரிரு விநாடிதான் தொட வேண்டும், அதற்கு மேல் பிடித்தால் நாமே எரித்துவிடுவோம்.) அப்புறம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றாக இரண்டு ஆயில் மாற்றம்.

இப்போது 31,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, கோளாறுக் குறியீடு எதுவும் வரவில்லை. 13-க்கு இறங்கிய மைலேஜ் 16-க்கு வந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு விநாடி 'கர்ர்' என்கிறது. கேம் கியரை நிறுத்திப் பிடிக்கும் லாக் பின் தேய்ந்திருக்கலாம். அதைத் திறந்தால் டைமிங் செயின் வரை போகும் என்பதால் இப்போதைக்குக் கை வைக்கவில்லை.