எம்ஜிபிக்கு எந்த கிரில்: குரோம் பட்டையா, உள்வாங்கிய கறுப்பா, தேன்கூடா?

எம்ஜிபி, எம்ஜி நிறுவனத்தின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை தயாரானது. அதற்குள் அதன் முகம் பல தடவை மாறிவிட்டது. அதனால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் பழைய கிரிலைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்ட ஆசைப்படுகிறவர், அழகைப் பார்க்கும் முன் தன் கார் எந்த ஆண்டு மாடல் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

1962 முதல் 1969 வரை வந்தது செங்குத்துப் பட்டைகள் கொண்ட கிரில். சுற்றிலும் குரோம் சட்டம், நடுவில் எம்ஜி சின்னம். எம்ஜிபி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் முகம் இதுதான். ஆனால் பட்டைகள் மெல்லியவை. கழுவும்போது துணி சிக்கினாலே ஒன்று வளைந்துவிடும். இப்போது புதிதாகச் செய்து விற்பவற்றில் எல்லாம் ஒரே தரம் இல்லை. சட்டத்தின் மேல் வளைவு பானெட் விளிம்போடு சேர்கிறதா என்பதில்தான் வித்தியாசம் தெரியும். எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கிவிடாமல், தளர்வாக மாட்டி, பானெட்டை மெதுவாக இறக்கிப் பாருங்கள். இடைவெளி ஒரு பக்கம் விரல் நுழையும் அளவும் மறுபக்கம் நகம் நுழையும் அளவும் இருந்தால் அங்கேயே பிராக்கெட்டைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கிய பிறகு சட்டம் பெயின்ட்டில் உரசிக்கொண்டே இருக்கும்.

1970 மாடலில் வந்த உள்வாங்கிய கறுப்பு கிரில், எம்ஜி பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனத்தின் கையில் இருந்த காலத்து யோசனை. குரோம் முகத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது பொக்கை வாய் மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான், ஆனால் அடர்நிறக் காரில் மோசமில்லை. இந்த மாடலிலிருந்து குரோமுக்கு மாறுவது அடிக்கடி நடக்கிற வேலைதான். பொருத்தும் இடங்கள் எல்லாம் ஒத்துப்போகாது என்பதால் கிரிலோடு பிராக்கெட்டுகளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

என் ஓட்டு 1973 மாடலில் வந்த தேன்கூட்டு கிரிலுக்கு. பழைய வடிவக் குரோம் சட்டம் திரும்பி வந்தது. உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் வலை. வளைந்துபோகப் பட்டைகள் இல்லை, துடைப்பதும் எளிது. வயதான பிளாஸ்டிக் வெயிலில் மொறுமொறுத்துப் போயிருக்கும் என்பது ஒன்றுதான் குறை. பழையதை வாங்கினால் ஓரங்களை லேசாக அழுத்திப் பாருங்கள்.

சட்டத்துக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பிவலை (மெஷ்) வைப்பதும் உண்டு. கல் தடுக்கும், பந்தய வாடை அடிக்கும். வலைக்கண் சிறியதாகவும் கம்பி தடியாகவும் இருந்தால் ரேடியேட்டருக்குக் காற்று குறையும். அலங்காரத்துக்காக எஞ்சினைச் சூடாக்க வேண்டாம்.

சரி, 1974 கடைசியில் வந்த ரப்பர் பம்பர் கார் வைத்திருப்பவர்? அங்கே கிரில் திறப்பு பம்பரிலேயே இருக்கிறது. இண்டிகேட்டர்களும் பம்பரில்தான். பட்டை கிரில் வேண்டுமென்றால் ஃபெண்டர் முனை, கீழ்த்தகடு, பிராக்கெட் என வெல்டிங் வேலை வரிசையாக வரும். அமெரிக்க விதிகளுக்காக அந்தக் கார்களை உயர்த்தியும் விட்டார்கள். நானாக இருந்தால் அந்தக் காசில் சஸ்பென்ஷனைப் பழைய உயரத்துக்கு இறக்கிவிட்டு, முகத்தை அப்படியே விட்டிருப்பேன்.