கூட்டுப்பெட்டிக்குள் கேமராவா, எட்ட நின்று பைனாகுலரா?

தோட்டத்துப் பெட்டியில் சிட்டுக்குருவி குடியேறிவிட்டால் கவனம் வேறெதிலும் நிற்காது. குஞ்சு வளர்ப்பதைப் பார்க்க மூன்று வழிகள் உண்டு. பெட்டிக்குள் கேமரா பொருத்தலாம், தள்ளி நின்று பைனாகுலரில் பார்க்கலாம், அவ்வப்போது மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கலாம். என் ஓட்டு கேமராவுக்கு.

காரணம் எளிது. அடைகாக்கும் 11 முதல் 14 நாட்களும், அதன்பின் குஞ்சு வளரும் ஏறத்தாழ இரண்டு வாரங்களும் பெரும்பாலும் பெட்டியின் 32 மில்லிமீட்டர் வாசல் ஓட்டைக்கு அந்தப் பக்கம், இருட்டில்தான் கழிகின்றன. பெட்டை எழுந்து முட்டைகளை அலகால் புரட்டிவிட்டு மறுபடி உடலை அமர்த்திக்கொள்வதை வெளியிலிருந்து ஒருநாளும் பார்க்க முடியாது. இரை வாங்கிய குஞ்சு அப்படியே திரும்பி வாலைத் தூக்குகிறது. வெள்ளைச் சவ்வுப் பைக்குள் எச்சம் வருகிறது. தாயோ தந்தையோ அதை அலகில் கவ்விக்கொண்டு பறக்கிறது. கூடு நாறாமல் இருப்பதன் ரகசியம் அதுதான். முதன்முறை பார்த்தபோது வியந்துபோனேன், இன்றும் அந்த வியப்பு குறையவில்லை.

கேமராவை இனப்பெருக்கக் காலம் தொடங்கும் முன்பே பொருத்திவிட வேண்டும். குருவி புல் சுமக்கத் தொடங்கிய பிறகு பெட்டியில் கை வைக்கக் கூடாது. கேமரா மேற்புறத்தில் இடம் பிடிக்கும் என்பதால் பெட்டி சற்று உயரமாக இருக்கட்டும். இருட்டில் படம் கிடைக்க அகச்சிவப்பு விளக்கு உள்ள கேமரா தேவை. படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். இன்னொன்றுக்கும் மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். இரை குறைந்தால் கடைசியாகப் பொரித்த குஞ்சு நாளுக்கு நாள் மெலியும். நாம் தலையிட முடியாது. பார்ப்பது கொடுமைதான்.

பைனாகுலர் காட்டுவது வேறு உலகம். எட்டு மடங்கு போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். அலகில் வருவது பச்சைப் புழுவா, வெட்டுக்கிளியா என்பது வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். கறுப்புக் கழுத்து ஆண் குருவி வாசலில் நின்று கத்துவது, காகம் வந்ததும் இரண்டும் பதறுவது, இவையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் கேமராவுக்கு எட்டாது. எவ்வளவு தள்ளி நிற்பது என்பதைப் பறவையே சொல்லிவிடும்: இரையைக் கவ்வியபடி கிளையிலேயே தயங்கி நின்றால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள், உடனே பின்வாங்குங்கள். கூட்டை விட்டு வெளியேறிய குஞ்சுகளுக்குப் பெற்றோர் மேலும் சில நாட்கள் இரை ஊட்டுவதையும் பைனாகுலரில்தான் பார்க்க முடியும். அப்போது கேமராவில் தெரிவது வெறும் கூடு.

மூடியைத் திறப்பது எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் அளந்து செய்வது வேறு. இறகு முளைத்த குஞ்சுகள் மிரண்டால் பறக்கும் பருவத்துக்கு முன்பே வெளியே குதித்துவிடும். தரையில் பூனைக்கு இரையாகும். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

குருவி ஏற்கெனவே கூடு கட்டத் தொடங்கிவிட்டதா? அப்படியானால் இந்த முறைக்குப் பைனாகுலர்தான். குஞ்சுகள் போன பிறகும் அவசரப்படாதீர்கள். அதே சோடி அதே பெட்டியில் மறுபடியும் முட்டையிடக்கூடும். பருவம் முழுவதும் முடிந்தபின் பெட்டியைச் சுத்தம் செய்து, அப்போது கேமராவை மாட்டுங்கள்.