வெளிவெப்ப சென்சாருடன் இணைந்த ஸ்மார்ட் கன்ட்ரோலர்: ஒரு மதிப்பீடு

குளிர்காலம் முழுவதும் வீட்டைச் சூடாக்கும் அமைப்புக்கு ஸ்மார்ட் கன்ட்ரோலர் வாங்குவோர் பெரும்பாலும் செயலியின் அழகையே பார்க்கிறார்கள். வெளிச்சுவரில் ஏற்கெனவே உள்ள வெப்ப சென்சாரின் அளவை அக்கருவியால் படிக்க முடியுமா என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி. நான் பயன்படுத்தும் கன்ட்ரோலர் ஓப்பன்தெர்ம் என்ற தகவல் பரிமாற்ற முறை வழியாக, நீரைச் சூடாக்கும் பாய்லருடன் பேசுவதால் அதைச் செய்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

சென்சார் என்பது வெப்பம் குறையக் குறைய மின்தடை கூடும் ஒரு சிறு தெர்மிஸ்டர்தான். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகைச் சென்சாரில், 0 டிகிரியில் தடை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். பாய்லருக்குப் பாய்லர் இந்த அளவு மாறுபடுவதால், கையில் கிடைத்த சென்சாரை மாட்டாமல் பாய்லர் கையேடு குறிப்பிடும் வகையையே வாங்க வேண்டும். அதன் இரண்டு கம்பிகளும் பாய்லரின் சென்சார் முனைகளுக்கே செல்ல வேண்டும். அவற்றிலிருந்தே கன்ட்ரோலருக்கும் கிளை எடுத்தால் இரண்டு கருவிகளின் மின்னோட்டமும் ஒரே தடையில் கலந்து, இரண்டுமே தவறான வெப்பத்தைக் காட்டும். கன்ட்ரோலருக்குத் தனியாக ஓப்பன்தெர்ம் இணைப்பு போதும்; அதன் இரண்டு கம்பிகளை எப்படி மாற்றி மாட்டினாலும் வேலை செய்யும். கருவியை, பாய்லரை இயக்கி அணைக்க மட்டுமே செய்யும் வெறும் ஆன்–ஆஃப் ரிலேயாக இணைத்தால், வெளிவெப்பத் தகவல் அதை எட்டவே எட்டாது. பாய்லரின் மூடியைத் திறக்கும் பணியைத் தகுதி பெற்ற தொழில்நுட்பரிடம் விடுவதே முறை.

பலன் கண்கூடானது. வெளியே 10 டிகிரி இருக்கும்போது 40 டிகிரி நீரும், உறைநிலைக்குக் கீழே போனால் 60 டிகிரி நீரும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குச் செல்லும்படி, வெளிவெப்பத்துக்கேற்ப நீரின் வெப்பத்தை நிர்ணயிக்கும் வளைகோட்டை அமைத்தேன். கொதித்து அணைந்து மீண்டும் கொதிக்கும் பழைய போக்கு மறைந்து, ரேடியேட்டர்கள் நெடுநேரம் இளஞ்சூடாகவே இருக்கின்றன. அறையின் வெப்பமும் ஏறி இறங்குவதில்லை. கண்டென்சிங் பாய்லருக்கு இது மிக முக்கியம்: எரிவாயுப் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தைத் திருப்பித் தர, திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும்.

குறையும் உண்டு. திரையில் தெரியும் வெளிவெப்பம் சுவரிலுள்ள சென்சாரிலிருந்து வருகிறதா, இணைய வானிலைத் தகவலிலிருந்து வருகிறதா என்பதைச் செயலி சொல்வதே இல்லை. தெளிவான நண்பகலில் நிழல்படும் சுவரும் வானிலை நிலையமும் ஒரே எண்ணைக் காட்டுவது அரிது என்பதால், இதை ஒரு சிறிய விடுபடலாக ஏற்க என்னால் முடியவில்லை. மேலும், சென்சார் இணைந்தவுடன் சில பாய்லர்கள் தாமே வளைகோட்டைக் கணக்கிடத் தொடங்கிவிடும். அப்போது இரண்டு கணக்குகளும் மோதாதபடி ஒன்றை அணைத்தாக வேண்டும். இதைப் பற்றிக் கன்ட்ரோலரின் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. வாங்குவோர் பாய்லரின் கையேட்டில் உள்ள வெளிவெப்ப அமைப்புப் பகுதியை முதலிலேயே படித்துவிடுவது நல்லது.