பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் பணம் போனது: ஜிமெயிலில் இன்றே திறந்து பார்க்கவேண்டிய பக்கங்கள்

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் ஏற்றுமதி நிறுவனம். பெயர் வேண்டாம். சரக்கு கப்பலேறிவிட்டது, பி.எல். (சரக்கு ஏறியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது) நகல் மெயிலில் போய்விட்டது, வெளிநாட்டு பையரிடமிருந்து (சரக்கை வாங்குபவர்) மீதிப் பணம் வரவேண்டும். பத்து நாளாகியும் வரவில்லை. ஃபோன் போட்டுக் கேட்டால், நீங்கள் கொடுத்த புது அக்கவுண்டுக்குப் போன வாரமே அனுப்பிவிட்டோம் என்று பதில் வருகிறது.

நிறுவனம் எந்தப் புது அக்கவுண்டும் கொடுக்கவில்லை. ஆனால் பையருக்கு வந்திருந்த மெயிலில் இன்வாய்ஸ் எண் சரி, தொகை காசு பிசகாமல் சரி, கப்பலேறிய தேதி சரி. கீழே பழைய கடிதப் போக்குவரத்து முழுவதும் அப்படியே இருந்தது. மாறியிருந்தவை இரண்டு. ஒன்று, பேங்க் அக்கவுண்ட். மற்றொன்று, அனுப்பியவரின் மெயில் ஐடியில் ஓர் எழுத்து: 'எம்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். சின்ன எழுத்தில், ஃபோன் திரையில், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஃபோனில் பெரும்பாலும் பெயர் மட்டும்தான் தெரியும். பெயரைத் தொட்டால்தான் முழு முகவரி விரியும்.

இதில் வலிப்பது வேறொன்று. இரண்டு மாதம் முன்பே, தெரியாத ஊரிலிருந்து யாரோ லாகின் செய்ததாக அந்த நிறுவனத்துக்கு கூகுளிடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். பாஸ்வேர்டை மாற்றியதும் அவன் வெளியே போனது உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த கொஞ்ச நேரத்தில் அவன் செட்டிங்ஸில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த வரிகளுக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. ஜிமெயில் அக்கவுண்ட் இருக்கும்வரை அவை தானாக வேலை செய்யும்.

அதில் முக்கியமான வரி ஒரு ஃபில்டர், அதாவது இன்ன மெயில் வந்தால் இன்னது செய் என்று சொல்லிவைக்கும் விதி. அது எப்படி இருந்தது என்று பாருங்கள். ஜிமெயிலின் ஃபில்டர்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு ஃபில்டரும் இரண்டு பகுதியாகத் தெரியும். 'மேட்ச்சஸ்' என்ற இடத்தில் பையரின் டொமைன் பெயர் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வருவது), பக்கத்தில் பேங்க், பேமெண்ட், இன்வாய்ஸ், ஸ்விஃப்ட் ஆகிய சொற்கள், நடுவே 'அல்லது' என்ற பொருளில் 'ஆர்' (OR). 'டூ திஸ்' என்ற இடத்தில் மூன்று கட்டளைகள்: ஸ்கிப் இன்பாக்ஸ், மார்க் ஆஸ் ரீட், ஃபார்வர்ட் டு, அதன்பின் ஒரு முன்பின் தெரியாத ஜிமெயில் முகவரி. அதாவது, பையரிடமிருந்து பணம் பற்றிய மெயில் வந்தால் இன்பாக்ஸில் காட்டாதே, படித்ததாகக் குறித்துக்கொள், எனக்கு ஒரு நகல் அனுப்பு.

இதை வைத்துத்தான் அவன் தொகையும் தேதியும் தெரிந்துகொண்டான். அக்கவுண்ட் மாறியது நிஜமா என்று பையர் நிறுவனத்தின் சரியான முகவரிக்கே எழுதிக் கேட்ட மெயிலும் வந்திருந்தது. அது இன்பாக்ஸைத் தொடாமல் ஆல் மெயிலுக்குள் போய், தடித்த எழுத்துகூட இல்லாமல் கிடந்தது. அதற்குப் பதில், போலி முகவரியிலிருந்து பையருக்குப் போனது.

ஃபில்டரும் ஃபார்வர்டிங்கும் நமக்காக வைத்த வசதிகள். தினம் 200 மெயில் வரும் அலுவலகத்தில் ஃபில்டர் இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் பலர் அந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது: ஜிமெயில் ஆப்பில் அந்தப் பக்கங்களே கிடையாது. ஃபில்டரைப் பார்ப்பது, நீக்குவது, ஃபார்வர்டிங்கைச் சரிபார்ப்பது எல்லாம் கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகத்தான். ஃபோனிலேயே மெயில் பார்க்கும் முதலாளி பத்து வருடம் ஜிமெயில் வைத்திருந்தாலும் அந்தப் பக்கம் கண்ணில் படாது. கம்ப்யூட்டர் இல்லையென்றால் ஃபோனில் குரோமைத் திறந்து, மேலே மூன்று புள்ளியில் டெஸ்க்டாப் சைட் என்பதைத் தேர்ந்து ஜிமெயிலுக்குள் போங்கள். எழுத்து பொடியாக இருக்கும், ஆனாலும் வேலை நடக்கும்.

இப்போது பார்க்கவேண்டியவை. வலது மேல் மூலையில் பற்சக்கரம், அதில் 'ஸீ ஆல் செட்டிங்ஸ்'. வரிசையாக டேப்கள் வரும்.

முதலில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்'. நீங்கள் போடாத ஃபில்டர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சந்தேகமான ஃபில்டரைக் கண்டதும் அவசரப்பட்டு டெலீட் செய்யாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. முகவரி முழுவதும் தெரியும்படி திரையைப் படம் எடுங்கள். ஃபில்டரின் இடப்பக்கக் கட்டத்தை டிக் செய்து கீழே 'எக்ஸ்போர்ட்' அழுத்தினால் அது ஒரு ஃபைலாகவே இறங்கும். புகாரோடு அதையும் கொடுக்கலாம். அதன்பிறகு நீக்குங்கள். அதே பக்கத்தில் பிளாக் செய்த முகவரிகளின் பட்டியலும் இருக்கும். உங்கள் பையரோ ஆடிட்டரோ வங்கியோ அதில் இருந்தால், அவர்களுடைய மெயில் இத்தனை நாள் நேராக ஸ்பேமுக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

அடுத்து 'ஃபார்வர்டிங் அண்ட் பாப்/ஐமேப்'. இந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்தவர்களையும் ஏமாற்றும். மேலே 'டிஸேபிள் ஃபார்வர்டிங்' என்று தேர்வாகியிருக்கும், பார்த்தவர் நிம்மதியாகிவிடுவார். அந்தத் தேர்வு, மொத்த மெயிலையும் அனுப்பும் ஃபார்வர்டிங்குக்கு மட்டும் பொருந்தும். ஃபில்டர் வழியாகப் போகும் ஃபார்வர்டிங்கை அது நிறுத்தாது. ஆனால் ஃபில்டர் வழியாக அனுப்புவதற்கும் அந்த முகவரியை முதலில் இங்கே சேர்த்து உறுதிசெய்ய வேண்டும். அதனால் கீழ்விரியும் பட்டியலைத் திறந்தால் அந்த முகவரி உள்ளே இருக்கும். ஃபில்டரை நீக்கியபின் இந்த முகவரியையும் அதே பட்டியலிலிருந்து 'ரிமூவ்' செய்யுங்கள். 'பாப் டவுன்லோட்' (மெயில்களை வேறொரு மென்பொருளில் இறக்கிக்கொள்ளும் வழி) என்ற பகுதி நீங்கள் கேட்காமல் எனேபிள் ஆகியிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

புதிதாக ஃபார்வர்டிங் போட்டால், கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறக்கும்போது முதல் ஒரு வாரம் மேலே ஓர் அறிவிப்புப் பட்டை தெரியும். வாரத்துக்கு ஒருமுறையாவது கம்ப்யூட்டரில் திறக்கவேண்டும் என்பது இதற்காகவும்தான். 2023 முதல், ஃபில்டரையோ ஃபார்வர்டிங்கையோ மாற்றும் செயல் சந்தேகமாகத் தெரிந்தால், செய்வது நீங்கள்தானா என்று கூகுள் கேட்கிறது. அந்தக் கேள்வி ஆபீஸ் மேசையில் கிடக்கும் ஃபோனுக்கு வந்து, பக்கத்திலிருப்பவர் படிக்காமல் 'யெஸ்' அழுத்திவிட்டால் பயனில்லை. நீங்கள் அந்த நிமிடம் எதையும் செய்யவில்லை என்றால் பதில் 'நோ'தான்.

மூன்றாவது 'அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்'. 'கிராண்ட் ஆக்ஸஸ் டு யுவர் அக்கவுண்ட்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் தன் ஜிமெயிலில் இருந்தபடியே உங்கள் மெயிலைப் படிக்கலாம், அனுப்பலாம், அழிக்கலாம். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றுவது அவரைப் பாதிக்காது. வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசரின் (பையரோடு ஆர்டர் விஷயம் பேசும் ஊழியர்) பெயர் இன்னும் அங்கேயே இருப்பது சாதாரணம். அதே டேபில் 'சென்ட் மெயில் ஆஸ்' என்று உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும். பக்கத்தில் 'எடிட் இன்ஃபோ' அழுத்தி, 'ரிப்ளை-டு' முகவரி வேறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒருவன் தன் முகவரியைப் போட்டுவிட்டால், நீங்கள் உண்மையாக அனுப்பும் மெயிலுக்குக்கூடப் பையர் 'ரிப்ளை' அழுத்தினால் பதில் அவனுக்குப் போகும். நீங்களோ, பையர் பதிலே போடவில்லை என்று காத்திருப்பீர்கள்.

இன்பாக்ஸ் பக்கத்தின் அடியில், வலது ஓரத்தில் சின்ன எழுத்தில் 'டீடெய்ல்ஸ்' என்று ஒரு இணைப்பு இருக்கும். கடைசியாக அக்கவுண்ட் எங்கெல்லாம் திறக்கப்பட்டது, எந்த ஐபி முகவரி, பிரவுசரா மொபைலா என்று காட்டும். நல்ல வசதி. ஆனால் இதை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஃபார்வர்டிங்கில் போகும் மெயில் லாகின் இல்லாமல் போவதால் இந்தப் பட்டியலில் வராது.

ஜிமெயிலுக்கு வெளியே, கூகுள் அக்கவுண்டின் செக்யூரிட்டி பக்கத்தில் இன்னொரு ஓட்டை. கம்ப்யூட்டர் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ பணம் கொடுத்து மெயில் ஐடி திறந்தவர்கள் நிறையப் பேர். திறந்து கொடுத்தவர் ஓடிபிக்காகத் தன் சொந்த ஃபோன் எண்ணைப் போட்டிருப்பார். அதுவே ரெக்கவரி எண்ணாக நின்றுவிடும். கெட்ட எண்ணம் இல்லாமலே இப்படிச் செய்பவர்கள் உண்டு. ஆனால் அந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவர் பாஸ்வேர்டு மறந்ததாகச் சொல்லி உங்கள் அக்கவுண்டைத் தன்வசமாக்க முடியும். ஜி.எஸ்.டி., வருமான வரி, வங்கி எல்லாவற்றின் ஓடிபியும் வரும் மெயில் அது என்பதை நினைத்துப் பாருங்கள். எண்ணை இன்றே மாற்றினாலும், பழைய எண்ணுக்கே கோடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் 7 நாள்வரை வைத்திருக்கலாம். ஆகவே பிரச்சினை வருமுன் மாற்றுவது நல்லது.

சரிசெய்யும் வரிசையும் முக்கியம். ரெக்கவரி எண், ரெக்கவரி மெயில் இரண்டையும் முதலில் உங்களுடையதாக்குங்கள். பிறகு பாஸ்வேர்டு. பிறகு 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். ஆப் பாஸ்வேர்டு (வேறொரு ஆப் உங்கள் அக்கவுண்டுக்குள் வரத் தனியாகக் கொடுப்பது), உங்கள் அக்கவுண்டோடு இணைந்த மற்ற ஆப்கள் ஆகியவற்றில் தெரியாததை நீக்குங்கள். அதன்பின் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது. அதில், ஃபோன் கையில் இல்லாதபோது உள்ளே போக 10 பேக்கப் கோடு கிடைக்கும்; ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். தாளில் அச்செடுத்துப் பீரோவில் வையுங்கள், மெயிலிலேயே சேமிக்காதீர்கள். இதெல்லாம் முடிந்ததும் மேலே சொன்ன மூன்று டேபையும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ஒளித்து வைக்கப்பட்ட மெயில்களைத் தேட, தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் in:anywhere, இன்:எனிவேர் என்று (நடுவே முக்காற்புள்ளி, இடைவெளி இல்லாமல்) அடித்து, பக்கத்தில் பையரின் பெயரைப் போடுங்கள். சாதாரணத் தேடல் டிராஷையும் ஸ்பேமையும் விட்டுவிடும். இது அவற்றையும் சேர்த்துத் தேடும். டிராஷில் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும், எனவே தாமதம் வேண்டாம்.

அவுட்லுக் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் மெயில், அதற்குள் 'ரூல்ஸ்', 'ஃபார்வர்டிங்' இரண்டையும் பாருங்கள். அங்கே திருடர்கள் ரூலுக்கு ஒற்றைப் புள்ளியைப் பெயராக வைப்பார்கள், கண்ணில் படாது. மெயில்களை யாரும் திறக்காத ஆர்.எஸ்.எஸ். (இணையதளச் செய்திகளுக்கான) ஃபோல்டருக்குத் தள்ளுவதும் அவர்கள் வழக்கம்.

பணம் போய்விட்டால்: வெளிநாட்டிலிருந்து அனுப்பியது என்றால், அனுப்பிய பையர் தன் வங்கியிடம் உடனே சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கவேண்டும், அதை நீங்கள் இங்கிருந்து செய்ய முடியாது, அவரை அந்த மணி நேரத்திலேயே வங்கிக்குப் போகச் சொல்லுங்கள். உள்நாட்டில் நீங்கள் அனுப்பிய பணம் என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு ஃபோன் செய்யுங்கள், சைபர்கிரைம் தளத்தில் பதிவு செய்யுங்கள், உங்கள் வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். போலி மெயிலின் மூன்று புள்ளியில் 'ஷோ ஒரிஜினல்', அதில் 'டவுன்லோட் ஒரிஜினல்'. அந்த ஃபைலை வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஃபார்வர்டு செய்த மெயிலில் அது வந்த வழி பற்றிய தகவல் நிற்காது. அதே பக்கத்தில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். (மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் சோதனைகள்) எல்லாம் 'பாஸ்' என்று இருந்தாலும் மெயில் உண்மையானது என்று ஆகாது. ஓர் எழுத்து மாற்றித் திறந்த ஜிமெயில் ஐடியிலிருந்து வந்ததும் 'பாஸ்' ஆகத்தான் செய்யும்.

நூலுக்கோ சாயத்துக்கோ புது அக்கவுண்டில் நீங்கள் பணம் போடும்போது இன்னொன்று. என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் பணம் சேருவது அக்கவுண்ட் எண்ணை வைத்துத்தான். நீங்கள் அடிக்கும் பெயரை வைத்து அல்ல. அனுப்புமுன் பெறுநரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் சொல்லியிருந்தது. நெட்பேங்கிங்கில் அந்தப் பெயர் வரும்வரை காத்திருந்து, பில்லில் இருக்கும் பெயரோடு ஒத்துப் பாருங்கள்.

இதே வசதிகளை உங்கள் பக்கமும் திருப்பலாம். ஒரே பாஸ்வேர்டை நான்கு பேர் பயன்படுத்துவதை நிறுத்தி, அந்த 'கிராண்ட் ஆக்ஸஸ்' வழியாக ஆட்களைச் சேருங்கள். 10 பேர்வரை சேர்க்கலாம். அனுப்பியவர் யார் என்று காட்டும் தேர்வும் அதிலேயே இருக்கிறது. ஒருவர் வேலையை விட்டால் ஒரு பெயரை எடுத்தால் போதும். 'ஜெனரல்' டேபில் 'அன்டூ சென்ட்' நேரத்தை 30 விநாடியாக்குங்கள். பேங்க் டீடெய்ல்ஸ், அக்கவுண்ட் சேஞ்ச் போன்ற சொற்கள் வரும் மெயிலுக்கு நீங்களே ஒரு ஃபில்டர் போட்டு, ஸ்டார் கொடுத்து, சிவப்பு லேபிள் ஒட்டுங்கள். லேபிளுக்கு 'ஃபோனில் கேள்' என்றே பெயர் வைக்கலாம். கேட்கும்போது அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்குப் போடாமல், பழைய பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்குப் போடுங்கள்.

அப்படியே அதே 'ஜெனரல்' டேபில் கீழே 'சிக்னேச்சர்' பகுதிக்குப் போய், உங்கள் பையருக்குப் புரியும் மொழியில் ஒரு வரி சேருங்கள்: எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் அதை மெயிலில் மட்டும் தெரிவிக்கமாட்டோம், நீங்கள் எங்களை ஃபோனில் அழைத்து உறுதிசெய்யாமல் புதிய கணக்குக்குப் பணம் அனுப்பவேண்டாம். புது மெயிலுக்கும் பதில் மெயிலுக்கும் அந்த சிக்னேச்சரே வரும்படி அங்கே தேர்ந்து, பக்கத்தின் அடிவரை இறங்கி 'சேவ் சேஞ்சஸ்' அழுத்துங்கள். அழுத்தாமல் பக்கத்தை மூடினால் எதுவும் சேமிக்கப்படாது.