பிளம்ஸ் கன்று வாங்கப் போகிறீர்களா? டேப்புக்குள்ளே ஒட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் பிளம்ஸ் வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிசம்பர் பிறந்ததும் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ‘இமாச்சல் ஒட்டுக்கன்று, நேரடி விற்பனை’ என்று விளம்பரம் சுற்ற ஆரம்பிக்கும். இலையே தெரியாத அளவுக்குப் பழம் தொங்கும் படம், ‘ஒரே வருடத்தில் காய்ப்பு’, ‘எந்த ஊரிலும் வளரும்’, கூரியர் இலவசம். நான் அப்படி வாங்கிய மூன்று கன்றில் ஒன்றுகூடப் பிளம்ஸ் இல்லை. மூன்றும் பீச். அதிலும் பழத்துக்காக வளர்க்கிற நல்ல பீச் இல்லை, கொட்டை போட்டு முளைத்த காட்டு பீச்.

புகார் நடப்பில் இருப்பதால் விற்றவர் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இல்லை. இதே படத்தை வைத்து நாலைந்து பெயரில் விற்பனை நடக்கிறது, இந்த வருடம் இருக்கும் பெயர் அடுத்த வருடம் இருப்பதில்லை.

நாங்கள் இருப்பது கோத்தகிரி பக்கம். இந்தப் பகுதியில் பழைய வீடுகளின் கொல்லையில் ஒரு பேரி மரமும் ஒரு பிளம்ஸ் மரமும் இருப்பது சாதாரணம். எங்கள் வீட்டு பிளம்ஸ் மரம் வயதாகி, தண்டில் பிசின் வடிந்து பட்டுப்போனது. அந்த இடத்துக்குத்தான் புதுக்கன்று. சாண்டா ரோசா இரண்டு, மாரிபோசா ஒன்று கேட்டேன். பிளம்ஸில் பல ரகங்கள் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, பக்கத்தில் வேறு ரகம் ஒன்று பூத்தால்தான் காய் பிடிக்கும். சாண்டா ரோசா ஓரளவு தனியாகவே காய்க்கும், ஆனாலும் துணை இருந்தால் நல்லது. இதையெல்லாம் அந்த விற்பனையாளரே போனில் அழகாக விளக்கினார். விஷயம் தெரிந்த ஆள்தான், அதுதான் எரிச்சலாக இருக்கிறது. பணம் போடும்வரை ‘அக்கா, அக்கா’ என்றார். புகார் சொன்ன நாளிலிருந்து ‘மேடம்’ ஆகிவிட்டேன்.

ஒரு கன்று 650 ரூபாய். ஜனவரியில் பார்சல் வந்தது. வேரில் ஈரப் பாசி சுற்றி, பாலிதீன் கட்டி, மூன்று மொட்டைக் குச்சிகள். மொட்டையாக வந்ததில் குற்றம் இல்லை. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து தூங்கும் நேரத்தில்தான் இந்த மரங்களை மண் இல்லாமல் பிடுங்கி அனுப்ப முடியும், இமாச்சலில் நல்ல நர்சரிகளும் அப்படித்தான் அனுப்புகின்றன. ஏமாற்றுகிறவர்களுக்கும் அதுவேதான் வசதி. இலை இல்லாத ஒரு வயதுக் குச்சியைப் பார்த்து இது பிளம்ஸா, பீச்சா, ஆப்ரிகாட்டா என்று சொல்லப் பழகிய கண் வேண்டும். வேருக்கு ஒரு சாண் மேலே வெள்ளை டேப் சுற்றியிருந்தது. நல்ல ரகத்தின் குச்சியை வேறொரு செடியின் அடித்தண்டில் சேர்த்துக் கட்டுவதுதான் ஒட்டு, அந்த இணைப்பைத்தான் டேப் சுற்றி மூடுவார்கள். டேப் இருந்தால் ஒட்டு என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

ஏன் ஒட்டு அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாண்டா ரோசா என்பது கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் உருவாக்கி 1906இல் வெளியிட்ட ரகம். இன்று உலகில் எங்கே சாண்டா ரோசா மரம் நின்றாலும், அது அந்த ஒரே மரத்திலிருந்து குச்சி வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டி ஒட்டி வந்ததுதான். அதன் கொட்டையைப் போட்டால் பிளம்ஸ் முளைக்கும், ஆனால் சாண்டா ரோசா முளைக்காது. எனவே ஒட்டு இல்லாமல் ‘சாண்டா ரோசா கன்று’ என்று யாராவது விற்றால் அங்கேயே பொய் தெரிந்துவிடும். பிளம்ஸ் குச்சியை ஒட்டுவதற்கு அடியில் இருக்கும் வேர்ச்செடி பெரும்பாலும் பீச் நாற்றுதான், சில இடங்களில் காட்டு ஆப்ரிகாட். பீச் நாற்று கொட்டை போட்டால் முளைக்கும், காசே ஆகாது. ஒட்டுக்கட்டுவதில்தான் கூலி, கைத்திறன், நல்ல தாய்மரம் எல்லாம் இருக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மார்ச்சில் துளிர்த்தது. நீளமாக, ஒடுக்கமாக, நுனி கூராக இருந்தது இலை. மாவிலையைச் சின்னதாக்கியது போல. பிளம்ஸ் இலை அப்படி இருக்காது, நீளம் குறைவு, மேல்பாதி அகலமாக இருக்கும். போட்டோ எடுத்து அனுப்பினேன். “மேடம், முதல் வருஷத்து இலை அப்படித்தான் இருக்கும். ஒட்டுக்குக் கீழே வந்த கிளையா இருக்கும், கிள்ளி விடுங்க” என்று குரல்பதிவு வந்தது. கேட்பதற்கு நியாயமான பதில். வேர்ச்செடியிலிருந்து கிளை வருவது நடக்கிற விஷயம்தான், அதைக் கிள்ளுவதும் சரியான வேலைதான். ஆனால் இந்தத் துளிர் டேப்புக்கு மேலேயும் வந்திருந்தது. அதைச் சொன்னதும், “டேப்பை இப்போ தொடாதீங்க மேடம், ஒட்டு விட்டுப்போயிடும், ஒரு வருஷம் இருக்கட்டும்” என்றார்.

ஒரு வருடம் டேப்பை வைக்கக் கூடாது. தண்டு பருக்கும்போது டேப் இறுக்கி, அந்த இடத்தில் சதை பிதுங்கி, காற்றில் ஒடிந்துபோகும். துளிர் நன்றாக ஓடியதும் கிழித்துவிட வேண்டும். நான் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பிளேடு வைத்துக் கிழித்தேன்.

உள்ளே இருந்ததைப் போட்டோவில் பார்த்தால் யாருக்கும் புரியும். நல்ல ஒட்டு என்றால் அந்த இடத்தில் ஒரு முண்டு இருக்கும், தண்டு லேசாக வளைந்திருக்கும், மேலே பட்டை ஒரு நிறம், கீழே ஒரு நிறம். வேர்ச்செடியை வெட்டிய தழும்பும் தெரியும். எங்கள் கன்றில் தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடு, ஒரே நிறம். நடுவில் சாய்வாக ஒரு கத்திக் கீறல் மட்டும். கீறல் பட்டையைத் தாண்டவில்லை, ஏற்கெனவே ஆறியும் போயிருந்தது. இன்னொரு கன்றில் அந்தக் கீறல்கூட இல்லை, வெறும் தண்டில் டேப் சுற்றியிருந்தார்கள். ஒட்டு பிடிக்காமல் போனது வேறு, அது எந்த நர்சரியிலும் நடக்கும், மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. இங்கே ஒட்டுக் கட்டவே இல்லை.

படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: “பழம் வரட்டும் மேடம். பழம் வந்து பிளம்ஸ் இல்லன்னா முழுப்பணம் தர்றோம்.”

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், மொத்த வியாபாரமும் இதில்தான் நிற்கிறது. பழமரம் பூத்துக் காய்க்க வருடக்கணக்காகும். அதற்குள் போன் நம்பர் மாறிவிடும், வாட்ஸ்அப் உரையாடல் போன் மாற்றும்போது அழிந்துபோகும், வாங்கியவருக்கும் அலுத்துவிடும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஏமாந்தது தெரிந்த நாளிலிருந்துதான் கணக்கு என்று வாதாடவும் செய்யலாம். ஆனால் அதற்கெல்லாம் வாதாட வேண்டும். ‘பழம் வரட்டும்’ என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அந்த இரண்டு வருடத்தைத்தான் கேட்கிறார்.

மரத்தை வெட்டாமல் விட்டதற்குக் காரணம் அதுதான், சாட்சி வேண்டும். மூன்றாவது குளிர்காலத்தின் முடிவில் பூத்தது. ரோஸ் நிறப் பூ, காம்பே இல்லாதது போல் குச்சியோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக. பிளம்ஸ் பூ வெள்ளையாக இருக்கும், இரண்டு மூன்றாகச் சேர்ந்து, சின்னக் காம்போடு வரும். பக்கத்து வீட்டு பிளம்ஸும் அதே வாரம் பூத்ததால் இரண்டு கிளையையும் சேர்த்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டேன். மே மாதம் காயும் வந்தது. பூனைமுடியோடு, எலுமிச்சை அளவு, கசப்பு. குரங்குகள்கூட ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போட்டன. எங்கள் ஊர்க் குரங்கு ஒரு பழத்தை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இதைவிட மோசமான ஏமாற்று நடக்கிறது. கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தி மகள் இதே ஆளிடம் ‘ஆல் சீசன் பிளம்ஸ்’ வாங்கினாள். அவளுக்கு வந்தது உண்மையான பிளம்ஸாகவே இருந்தாலும் காய்க்கப் போவதில்லை. பிளம்ஸ் மொட்டு விழிக்க குளிர் வேண்டும். ஏழு டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று ரகத்துக்கு ரகம் கணக்கு உண்டு, பல ரகங்களுக்கு அது நூற்றுக்கணக்கான மணி நேரம். அது கிடைக்காவிட்டால் இலை அங்கொன்றும் இங்கொன்றுமாக விடும், பூ வராது, மரம் நாளடைவில் நலிந்துபோகும். ஐரோப்பிய ரகங்களுக்குக் குளிர் இன்னும் அதிகம் தேவை, மலையில் எங்களுக்கே அவை சரிவராது. ஜப்பானிய வகையில் குறைந்த குளிரில் பூப்பவை மட்டும்தான் இங்கே ஓடும். தமிழ்நாட்டில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமான இடங்களில்தான் பிளம்ஸ் பயிராகிறது.

இதற்கும் விற்பனையாளரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. “பஞ்சாப் சமவெளியிலேயே காய்க்குது, கோயம்புத்தூர்ல காய்க்காதா?” பஞ்சாபில் காய்ப்பது உண்மைதான். சட்லெஜ் பர்ப்பிள், காலா அமிர்தசரி என்ற ரகங்கள் அங்கே நன்றாக வருகின்றன. ஆனால் பஞ்சாபில் ஜனவரி இரவு நாலைந்து டிகிரிக்கு இறங்கும். கோயம்புத்தூரில் ஜனவரியில் மின்விசிறியைக் குறைத்து வைத்தாலே பெரிய விஷயம். அதோடு சட்லெஜ் பர்ப்பிள் தனியாக வைத்தால் அங்கேயும் காய்க்காது, பக்கத்தில் காலா அமிர்தசரி வேண்டும். இவளுக்கு ஒரே ஒரு கன்றை விற்றிருக்கிறார்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பணம் போடும் முன்பே டேப் இல்லாமல் ஒட்டுப் பகுதியைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். நீங்கள் வாங்கப் போகும் கன்றின் படம், மாதிரிப் படம் இல்லை. ரகத்தின் பெயரும் வேர்ச்செடி என்ன என்பதும் எழுதிய பில் கேளுங்கள். தனி ஆள் பெயரில் இருக்கும் ஜிபே கணக்குக்குப் பணம் போட்டு பில் இல்லாமல் வாங்கினால் பின்னால் காட்ட ஒன்றுமே இருக்காது. என்னிடம் குரல்பதிவுகளும் பணம் போன ரசீதும் இருந்ததால்தான் புகாரை எடுத்துக்கொண்டார்கள். இமாச்சலில் பழக்கன்று நர்சரிக்குப் பதிவு கட்டாயம், பதிவு எண்ணைக் கேட்டால் நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். பார்சலைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், மூடிவிட்டால் கண்காணிக்கவும் முடியாது. முதல் துளிரிலேயே இலையைப் பாருங்கள், பூவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் கூரியரே வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கேயும் தோட்டக்கலைத் துறைப் பண்ணைகளிலும் கன்று இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எப்போதும் கிடைக்காது, வரிசையில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் இந்த மண்ணில், இந்தக் குளிரில் காய்த்த தாய்மரத்தின் குச்சி அது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. 1950 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்டார்கள். ரூபாய் போனது போகட்டும், மூன்று வருடத்தை யார் கொடுப்பது?

மரங்களை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் புகார் முடியும்வரை அப்படியே விட்டிருக்கிறேன். மற்ற இரண்டும் வேரூன்றி நன்றாக நிற்பதால் வீணாக்க மனமில்லை. பீச் அடிமரம் பிளம்ஸுக்கு ஏற்ற வேர்ச்செடிதானே! இலை உதிர்ந்திருந்த நேரத்தில் இடுப்பளவில் அறுத்து, பக்கத்து வீட்டுப் பெரியவரின் மரத்திலிருந்து பென்சில் பருமனில் ஒரு வயதுக் குச்சிகள் வாங்கி ஆப்பு ஒட்டு கட்டினோம், அதாவது அடிமரத்தைப் பிளந்து, ஆப்பு போல் சீவிய குச்சியைச் செருகினோம். வெட்டிய இடத்தில் மெழுகு பூசி மேலே பாலிதீன் போட்டோம். நாலு குச்சியில் மூன்று துளிர்த்திருக்கிறது, இலையும் அகலமாகவே இருக்கிறது. ஒன்றைக் காட்டெருமை உரசி ஒடித்துவிட்டது, அதற்கு யார் மீது புகார் கொடுப்பது என்று தெரியவில்லை.

டிசம்பரில் அதே விளம்பரம் மறுபடி வரும். வந்தால் கீழே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “டேப்பைப் பிரித்து ஒரு படம் அனுப்ப முடியுமா?” அந்தக் கேள்வியை நான் போன வருடம் கேட்டேன். பத்து நிமிடத்தில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.