தார் ராக்ஸ் டீசல் ஃபோர் பை ஃபோர்: நம்ம கடற்கரைக்கு எவ்வளவு தூரம் ஒத்துவரும்?

மஹிந்திராவின் ஐந்து கதவு தார், அதாவது தார் ராக்ஸ், எடுக்கலாமா என்று நம்ம ராமநாதபுரம் பக்கத்தில் கேட்கிறவர்கள் ரெண்டு ரகம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வண்டி நிற்கட்டும் என்று பார்க்கிறவர்கள் ஒரு ரகம். தோப்பு, இறால் பண்ணை, உப்பளம் என்று ரோடு முடிகிற இடத்தில்தான் வேலையே தொடங்குகிற ஆட்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்கு இது நல்ல வண்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், அதுவும் பின்சக்கர டிரைவே போதும். ரெண்டாவது ரகத்துக்குச் சொல்லத்தான் எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி யாருக்கு உண்மையிலேயே வேண்டுமோ அவர்களை நினைத்து இதன் விலைப்பட்டியலைப் போட்ட மாதிரியே தெரியவில்லை.

2024 ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டி மஹிந்திரா இதை அறிமுகப்படுத்தியபோது எல்லார் வாயிலும் அடிபட்டது 12.99 லட்சம் என்ற எண்தான். அது பெட்ரோல், கீழ்மட்ட எம்எக்ஸ்1, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியின் ஷோரூம் விலை. டீசல் 13.99-ல் ஆரம்பம். ஃபோர் பை ஃபோர் என்ன விலை என்பதை ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் சொன்னார்கள்: 18.79 லட்சத்தில் ஆரம்பம், அதுவும் டீசலில் மட்டும், பெட்ரோலில் கிடையவே கிடையாது. அக்டோபர் 3-ம் தேதி புக்கிங் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் 1.76 லட்சம் பேர் பதிந்துவிட்டார்கள். அதில் எத்தனை பேர் மணலில் இறங்கப் போகிறார்கள் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது.

ஷோரூம் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எந்த ஊர், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். பூ, பலூன், செல்ஃபி எல்லாம் அமர்க்களமாக இருந்தது. ஓட்டிப் பார்க்கலாமா என்றால் பின்சக்கர வண்டி ஒன்றுதான் நிற்கிறது, அதையும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு, அவ்வளவுதான். மணல் பாதையில் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாமா தம்பி என்று கேட்டதற்கு, "சார், வண்டி அழுக்காயிடும்" என்றான் அந்தப் பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, மேலே இருக்கிறவர்கள் சொன்னதைச் சொல்கிறான். ஆனாலும் இந்த மாதிரி வண்டியை விற்கிற இடத்தில் அந்த வார்த்தை வரலாமா?

எனவே இங்கே எழுதுவதெல்லாம் மாமா மகன் எடுத்த நடுமட்ட எம்எக்ஸ்5 டீசல், கையால் கியர் போடுகிற ஃபோர் பை ஃபோர் வண்டியை வைத்துத்தான். 2.2 லிட்டர் எஞ்சின், 152 குதிரைசக்தி, 330 என்எம் டார்க். மேல்மட்ட மாடலுக்குப் போனால் 175-ம் 370-ம் கிடைக்கும். நம்ம வேலைக்கு 152 தாராளம்.

முதலில் கதவைப் பற்றிப் பேசியாக வேண்டும். மூன்று கதவு தாரில் பின்னால் ஏற வேண்டும் என்றால் முன் சீட்டை மடக்கி, உடம்பைக் கோணி, உள்ளே நுழைய வேண்டும். சேலை கட்டின அத்தை யாரையாவது அதில் ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? ராக்ஸில் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. அச்சுக்கு அச்சு தூரம் 2450 மில்லிமீட்டரில் இருந்து 2850 ஆகிவிட்டது, அந்த 400 மில்லிமீட்டர் அப்படியே பின் சீட்டில் உட்காருகிறவர்களின் காலுக்கும் சாமான் வைக்கிற இடத்துக்கும் போயிருக்கிறது. பின்கதவுப் பிடியை மட்டும் வழக்கமான இடத்தில் வைக்காமல் மேலே, கண்ணாடி ஓரத்தில் நட்டுக்குத்தலாக வைத்திருக்கிறார்கள். புதிதாக ஏறுகிற ஒவ்வொருவரும் கதவைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுவதே இல்லை. ஏறுகிற உயரமும் அதிகம், வயசானவர்கள் உள்ள வீட்டில் படி ஒன்று போட்டே ஆக வேண்டும். ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு, பாரத் என்கேப் என்கிற மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. பழைய ஜீப்பில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு போன ஆட்களுக்கு இது வேறு உலகம்.

பின்பக்கக் கதவு ரெண்டு துண்டு. கண்ணாடி மேலே தூக்கும், கீழ்ப்பாதி ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கும். சந்தையில் மீன் வாங்கி ஐஸ் பெட்டியை வைக்கும்போது பக்கவாட்டில் நிறைய இடம் வேண்டும், நெருக்கி நிறுத்திய இடத்தில் முடியாது. பாம்பன் பக்கம் காற்று நாளில் அந்தக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறங்கள், சக்கரத்தின் கனத்தோடு அது வீசி வருகிற வேகம் கொஞ்சநஞ்சமில்லை. கருவாட்டு மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: கார் மாதிரி தனி டிக்கி இல்லை, வாசம் நேராக முன் சீட்டு வரை வரும்.

பாம்பன் பாலம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆடிக் காற்றில் இந்திரா காந்தி பாலத்தின் மேல் போகும்போது இந்த உயரத்துக்கும் பெட்டி உருவத்துக்கும் பக்கக்காற்று நன்றாகவே தள்ளும். ஸ்டீயரிங் இப்போது எலக்ட்ரிக், ஊருக்குள் ஒரு விரலால் திருப்பலாம், பாலத்தில் மட்டும் ரெண்டு கையும் வேண்டும். 60-க்கு மேல் அங்கே எதற்குப் போக வேண்டும், சொல்லுங்கள்.

இனி மணல். பெரியபட்டினத்துக்குக் கிழக்கே கடலை ஒட்டிய தென்னந்தோப்புகளுக்குள் போகிற பாதை எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மேலே காய்ந்த மட்டையும் பன்னாடையும் கிடக்கும், அடியில் வெள்ளை மணல், மிதித்தால் கணுக்கால் வரை போகும். வண்டியை ஓட்டிய மாமா மகன், டயரில் ரோட்டுக்கு வைத்த அதே காற்றோடு, ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றுகிற கியர்) போட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். நாலு சக்கரமும் சுற்றியது, நாலும் சேர்ந்து குழி தோண்டியது, வண்டி அப்படியே வயிற்றை மணலில் வைத்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்துத் தோப்பு பாய் சவூதியில் பல வருஷம் பாலைவனத்தில் வண்டி ஓட்டியவர். வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து, "இஞ்சினை அணைங்க தம்பி, காத்தை எறக்குங்க முதல்ல" என்றார். ஒவ்வொரு டயராகக் குச்சியால் அமுக்கி 18 பிஎஸ்ஐ வரை இறக்கினோம். சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் ஒதுக்கி, ரெண்டாவது கியரில், ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் கிளட்சை விட்டதும், வண்டி சத்தமே போடாமல் ஏறி வந்துவிட்டது. காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து மணலில் பரவி நிற்கிறது, கனம் ஒரே இடத்தில் அமுங்குவதில்லை, சூட்சுமம் அவ்வளவுதான். இவ்வளவு கனமான வண்டிக்கு மணலில் பாதி வேலையை டயர் காற்றுதான் செய்கிறது, ஃபோர் பை ஃபோர் கம்பும், ரெண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கிற டிஃபரன்ஷியல் லாக்கும் மீதிப் பாதி.

ஆனால் சவூதியில் இல்லாத ஒன்று ராமநாதபுரத்தில் இருக்கிறது: சீமைக்கருவேல முள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், பாதை ஓரம் வெட்டிப் போட்ட கருவேல மிலாறு அந்த இடத்தில் குத்தினால் பஞ்சர் ஒட்டவே முடியாது, டயரையே மாற்ற வேண்டியதுதான். எனவே மணலுக்குள் இறங்கும் முன் பாதையை ஒரு தடவை நடந்து பார்த்து முள்ளை ஒதுக்கிவிட வேண்டும், வெளியே வந்ததும் உடனே காற்றை ஏற்றிவிட வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் மேல்மட்ட ஏஎக்ஸ்7எல்லில் வருகிற 19 அங்குல சக்கரத்தை இந்தப் பக்கத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். 18 அங்குலத்தில் டயர் 255/65, 19-ல் 255/60. பக்கச்சுவர் உயரத்தில் கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர் வித்தியாசம். மணலில் படிவதற்கு அந்த ரப்பர்தான் வேண்டும், பார்க்க அழகாக இருக்கிற பெரிய ரிம் இல்லை.

கண்மாய்க் கரை, உப்பளப் பாத்தி வரப்பு மாதிரி மேடுகளில் நீளம் கொஞ்சம் இடிக்கிறது. வண்டி இடிக்காமல் மேட்டில் ஏறி இறங்குகிற கோணம் முன்பக்கம் 41.7 டிகிரி, பின்பக்கம் 36.1, இந்த ரெண்டிலும் மூன்று கதவு தாருக்குக் கிட்டத்தட்ட சமம். மேட்டின் உச்சியில் வண்டியின் நடுவயிறு தட்டாமல் தாண்டுகிற கோணம் மட்டும் 27-ல் இருந்து 23.9-க்கு இறங்கிவிட்டது. கூர்மையான கரையில் நேராக ஏறி இறங்கும்போது நடுவில் உரசுகிற சத்தம் கேட்கும், கொஞ்சம் சாய்த்து ஏற்றினால் தப்பிக்கலாம். தண்ணீரில் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்கிறது கம்பெனி. அது நல்ல தண்ணீருக்குச் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீரில் காலை நனைக்கிற எண்ணமே வேண்டாம்.

ஏனென்றால் இங்கே வண்டியைக் கொல்வது உப்பு. எந்தக் கம்பெனி வண்டியானாலும் சரி, ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் சில வருஷம் நின்ற வண்டியைக் குனிந்து பாருங்கள், போல்ட்டுத் தலையிலும் சைலன்சர் மூட்டிலும் முதலில் துரு பூக்கும். அடிப்பக்கம் கழுவினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள், எந்தத் தண்ணீரில் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நம்ம போர் தண்ணீரே பாதி கடல்தானே? அதில் கழுவினால் காய்ந்த பிறகு வெள்ளைப் படலம் நிற்கும், உப்பைக் கழுவ உப்பையே பூசின கதை. காவிரிக் குழாய்த் தண்ணீரை எடுத்து வண்டி கழுவினால் வீட்டில் யாரும் சும்மா விடமாட்டார்கள், அதுவும் நியாயம்தான். மழைத் தண்ணீர் தொட்டி உள்ள வீடு, இல்லையென்றால் நல்ல தண்ணீர் கிடைக்கிற வாட்டர் வாஷ் கடை, இரண்டில் ஒன்று வேண்டும். வண்டி எடுத்த கையோடு அடிப்பக்கத்துக்குத் துரு தடுப்புப் பூச்சு அடித்துவிடுங்கள், அலங்காரச் சாமான் மாட்டும் காசை இதில் போடுங்கள்.

உள்ளே வெள்ளை சீட்டு என்று முடிவெடுத்தவர் எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை. செம்மண், கரிசல், உப்பளச் சேறு மூன்றையும் ஒரே நாளில் பார்க்கிற மாவட்டம் இது. ஊர் பூராவும் குறை சொன்ன பிறகு ஃபோர் பை ஃபோருக்குக் காபிக் கொட்டை நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், எடுப்பதென்றால் அதையே எடுங்கள். கூரைக் கண்ணாடி பற்றி என்ன சொல்ல, நம்ம சித்திரை வெயிலில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு போகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஏசி நன்றாக இருக்கிறது, பின்னால் உள்ளவர்களுக்கும் வருகிறது. சின்னப் பள்ளங்களில் வண்டி குலுக்குகிறது, சாயல்குடி ரோட்டு வேகத்தடைகளில் பின்னால் இருப்பவர்கள் முனகுவார்கள். வேகம் பிடித்த பிறகு சரியாகிவிடும்.

தனுஷ்கோடி போகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 வரைக்கும் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும், அதற்கு மேல் மணலிலும் தண்ணீரிலும் உள்ளூர் ஜீப்காரர்கள்தான் ஆளை ஏற்றிப் போனார்கள், அது அவர்கள் பிழைப்பு. இப்போது அரிச்சல்முனை வரை ரோடு கிடக்கிறது. ரோட்டை விட்டுக் கடற்கரையில் வண்டியை இறக்கிச் சுழற்றி வீடியோ எடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. மார்கழி, தை, மாசியில் ஆமை முட்டையிடுகிற மணல் அது, பூநாரை வருகிற இடம் என்று 2025-ல் சரணாலயமாகவும் அறிவித்துவிட்டார்கள். கரைவலை இழுக்கிறவர்கள் கயிறு கிடக்கிற இடத்தில் டயரை ஏற்றிவிட்டு ஹார்ன் அடிக்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மணலில் பழக வேண்டுமா, தெரிந்தவர் தோப்பில் பழகுங்கள்.

சரி, விலைக்கு வருவோம். என் மனக்குறை இதுதான்: 13.99 லட்ச டீசல் எம்எக்ஸ்1-க்கு ஃபோர் பை ஃபோர் கம்பு ஒன்றை மட்டும் சேர்த்துக் கொடுத்திருந்தால் பண்ணைக்காரனும் தோப்புக்காரனும் வரிசையில் நின்றிருப்பார்கள். அதைச் செய்யாமல் எம்எக்ஸ்5-க்கு ஏறச் சொல்கிறார்கள், அங்கே கூரைக் கண்ணாடியும் சேர்ந்து வருகிறது. அறிமுக விலையில் எம்எக்ஸ்5 பின்சக்கர டீசலுக்கும் ஃபோர் பை ஃபோருக்கும் 1.80 லட்சம் வித்தியாசம், அது நியாயமான காசு. எம்எக்ஸ்1-ல் இருந்து எம்எக்ஸ்5 வரை ஏறுகிற 3 லட்சம்தான் வேலைக்காரனுக்கு வீண். 2025 செப்டம்பரில், ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்திருந்த வரி 40 சதவீதமாக இறங்கியபோது எல்லா விலையும் குறைந்தது, அந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

ஆள் ஏற்றுவது குறைவு, வேலைதான் அதிகம் என்றால் மூன்று கதவு தாரையும் போய்ப் பாருங்கள். 2025 அக்டோபரில் அதையும் கொஞ்சம் புதுப்பித்தார்கள், பின்னால் ஏசி காற்று வருகிறது, ஜன்னல் சுவிட்சைக் கடைசியில் கதவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள், நீளம் குறைவு என்பதால் கரை ஏறும்போது வயிறு தட்டாது. குடும்பம், தோப்பு ரெண்டும் ஒரே வண்டியில் என்றால் ராக்ஸ் எம்எக்ஸ்5 டீசல் ஃபோர் பை ஃபோர், 18 அங்குல சக்கரம், அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம். மிச்சமாகிற காசில் பேட்டரியில் மாட்டுகிற காற்றடிக்கிற மெஷின், காற்றளவு பார்க்கிற கேஜ், ஒரு மண்வெட்டி, நல்ல இழுவைக் கயிறு வாங்கிப் பின்னால் போட்டு வையுங்கள்.